பதில்: செக்கு நல்லெண்ணெய் லிட்டர் 380 ரூபாயிலிருந்து 480 ஆயிடுச்சு, இனி வாங்கலாமா?

உங்க கோபம் புரியுது. ஆனா அந்தக் கடையில வாங்குறதை விடுறதுக்கு முன்னாடி எள் விலையை விசாரிச்சுப் பாருங்க. மரச்செக்குல ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ எள் போகும். எள் கிலோ 150 ரூபாய்னு வச்சாலே 375 ஆச்சு. கருப்பட்டி, ஆட்டுற கூலி, பாட்டில் எல்லாம் தனி. புண்ணாக்கு வித்த காசுல கொஞ்சம் திரும்பி வரும். அதனால 480 கொள்ளை விலைன்னு சொல்ல மாட்டேன். எள் விலை இறங்கின பிறகும் அதே விலையில நின்னா, அப்போ தாராளமா கேளுங்க.

இன்னொரு வழி, நீங்களே எள் கொடுத்து கூலிக்கு ஆட்டுறது. மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடைகள்ல எள் வாங்கி, கல் மண் போக அலசி, நல்லா காய வைங்க. ஈரம் நின்னா எண்ணெய் நுரைக்கும், சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். செக்குல ஒரு தடவைக்குக் குறைந்தது எத்தனை கிலோ போடணும்னு முதல்லயே கேளுங்க. அளவு பத்தலைன்னா பக்கத்து வீட்டோட சேர்ந்துக்கங்க. கடலை ஆட்டின கையோட உங்க எள்ளைப் போட விடாதீங்க, பழைய எண்ணெய் கலந்துடும். கருப்பட்டியும் நீங்களே கொண்டு போங்க. அது சேர்ந்தாத்தான் செக்குல அரைபட்ட எள்ளு இறுகி எண்ணெய் பிரியும். வெல்லம் போட்டா அந்த மணம் வராது.

வந்த எண்ணெயை எவர்சில்வர் பாத்திரத்துல ஊத்தி, வெள்ளைத் துணி கட்டி, ரெண்டு மூணு நாள் வெயில்ல வைங்க. கசடு அடியில தங்கினதும் மேலாப்புல வடிச்சுக்கங்க. அடிக்கசடை விளக்குக்கு வச்சுக்கலாம்.