வாசகர் கேள்வி – பதில்: களை மண்டிய புல்தரை

கேள்வி: வீட்டு முன்புறப் புல்தரை 2,000 சதுர அடி. பாதிக்கு மேல் களைதான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஃபால் (இலையுதிர்) சீசனில் புது விதை போடலாமா?
– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: முதலில் என்ன களை என்று பாருங்கள். கிராப்கிராஸ் என்றால் முழுத் தரையையும் கொல்லத் தேவையில்லை. அது உறைபனி விழுந்ததும் தானே சாகும். டேண்டலியன், க்ளோவருக்குப் புல்லைத் தொடாத மருந்துகள் உண்டு. தண்டை விரலிடுக்கில் உருட்டினால் மூன்று முனை தட்டுப்படுகிறதா? அது கோரை; அதற்குத் தனி மருந்து. பெர்முடா (நம் ஊர் அருகம்புல்தான்), குவாக்கிராஸ் போல வேரோடிப் படரும் புற்கள் பாதி இடத்தைப் பிடித்திருந்தால்தான் மொத்தமாக அழிப்பது நியாயம்.

உங்கள் பகுதியில் விதைக்க ஏற்ற காலம் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை. மண்ணில் சூடு இருக்கும், வெயில் தணிந்திருக்கும், கோடைக் களைகள் ஓய்ந்துவரும். ஆகவே மருந்தடிப்பை ஆகஸ்ட் முதல் வாரமே தொடங்குங்கள்.

பாட்டிலின் பிராண்டு பெயரை நம்பாமல், சின்ன எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படியுங்கள். ஒரே பிராண்டில் இப்போது வெவ்வேறு மருந்துகள் வருகின்றன. உங்களுக்கு வேண்டியது, புல் களை என்று பாராமல் எல்லாவற்றையும் கொல்லும் கிளைபோசேட் மட்டும். ‘எக்ஸ்டெண்டட் கன்ட்ரோல்’ என்று இருந்தால் தொடாதீர்கள். அதில் கலந்திருக்கும் மருந்து மாதக்கணக்கில் மண்ணில் நின்று உங்கள் விதையையும் முளைக்க விடாது. வசந்தத்தில் போட்ட கிராப்கிராஸ் தடுப்பு மருந்தும் இப்படித்தான் காலை வாரும். எத்தனை மாதம் கழித்து விதைக்கலாம் என்பது அந்தப் பையிலேயே இருக்கும்.

காய்ந்து கிடக்கும் புல்லில் கிளைபோசேட் வேலை செய்யாது. பச்சை இலை வழியாகத்தான் அது வேருக்கு இறங்குகிறது. ஒரு வாரம் வெட்டாமல், தண்ணீர் விட்டுத் தளிர்க்க வைத்து, காற்றும் மழையும் இல்லாத நாளில் அடியுங்கள். அடுத்த இரண்டு வாரமும் தண்ணீர் விடுவதை நிறுத்த வேண்டாம். செத்த தரைக்கு எதற்குத் தண்ணீர் என்று அக்கம்பக்கத்தார் கேட்பார்கள். மண்ணில் உறங்கும் களைவிதைகளைக் கிளப்பிவிடத்தான். கிளம்பியதையும், மிச்சம் இருக்கும் பச்சையையும் இரண்டாம் அடியில் முடித்துவிடலாம்.

அதற்கு ஏழு நாள் கழித்து, செத்த புல்லை ஓர் அங்குலத்துக்கு வெட்டி வாரி எடுங்கள். மண்ணைக் கொத்திப் புரட்டாதீர்கள். அடியில் இருக்கும் களைவிதை மேலே வந்துவிடும். மண்ணைக் கீறி விதையை இறக்கும் ஸ்லிட் சீடர் இயந்திரத்தை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, கால் அங்குல ஆழத்தில் பாதி விதையை நெடுக்காகவும் பாதியைக் குறுக்காகவும் விடுங்கள். டால் ஃபெஸ்க்யூ என்ற புல்வகை என்றால் 1,000 சதுர அடிக்கு 7–8 பவுண்டு. உங்களுக்கு 14–16 பவுண்டு. கூடப் போட்டால் நாற்று நெருங்கி அழுகும். விதைப் பையில் களைவிதை, பிற பயிர்விதை இரண்டும் பூஜ்யமாக இருக்கட்டும்.

புது நாற்றுக்கான ஸ்டார்ட்டர் உரத்தில், மெசோட்ரையோன் என்ற களைமருந்து கலந்தது கிடைக்கும். விதைக்கும் அன்றே போட்டால் புதுக் களையைத் தடுக்கும். சில களைகள் வெள்ளையாக வெளுக்கும், மருந்து வேலை செய்வதற்கு அதுதான் அடையாளம். ஸ்டார்ட்டர் உரத்தில் இருக்கும் பாஸ்பரஸுக்கு நியூ ஜெர்சியில் சட்டத் தடை உண்டு, ஆனால் புதிதாக விதைப்பவர்களுக்கு விலக்கு. நவம்பர் 15-க்குப் பிறகு மார்ச் 1 வரை உரம் போடக் கூடாது.

கேள்வி: விதைத்து 10 நாள். பாதி இடம் மொட்டை. இன்னும் விதை தூவலாமா?
– வாசகர், மிச்சிகன்

பதில்: பொறுங்கள். ரை புல் ஒரு வாரத்தில் முளைக்கும், ஃபெஸ்க்யூ 7–14 நாள், கென்டக்கி ப்ளூகிராஸ் மூன்று நான்கு வாரம்கூட எடுக்கும். கலவை விதையில் முதலில் தெரிவது ரை மட்டும். அதைப் பார்த்துவிட்டுத் தண்ணீரைக் குறைப்பதுதான் பலர் செய்யும் தப்பு. முளைவிட்ட ப்ளூகிராஸ் ஒரு மதிய வெயிலில் காய்ந்தாலே போச்சு. நாளுக்கு மூன்று நான்கு முறை, மேல்மண் ஈரமாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் காட்டுங்கள். தேங்க விட்டால் விதை மிதந்து ஓரத்தில் ஒதுங்கும். புல் நாலு அங்குலம் வந்ததும், கூரான பிளேடால் மூன்றுக்கு வெட்டுங்கள்.

கேள்வி: சின்னக் குழந்தை இருக்கிறது. மருந்தில்லாமல் முடியாதா?
– வாசகி, நியூ ஜெர்சி

பதில்: முடியும், உழைப்பு அதிகம். சாட் கட்டர் இயந்திரத்தால் புல்லை வேரோடு பாயாகச் சுருட்டி எடுக்கலாம். மண்ணோடு வருவதால் 2,000 சதுர அடிக்குப் பல டன் சேரும். எங்கே கொட்டுவது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஆழ வேரோடிய பெர்முடா இதற்கும் மீண்டு வரும். சின்ன இடமானால் ஜூன் கடைசியில் கறுப்புத் தார்ப்பாயை விரித்து, ஓரங்களை மண்ணால் அழுத்தி, ஆறு முதல் எட்டு வாரம் மூடி வையுங்கள்.

கேள்வி: டாலஸில் இருக்கிறோம். எங்களுக்கும் இதே முறைதானா?
– வாசகர், டெக்சஸ்

பதில்: இல்லை. உங்கள் ஊர்ப் புல் பெர்முடா, செயின்ட் அகஸ்டின். இரண்டும் வெயில் பயிர். ஃபாலில் விதைத்தால் குளிருக்குள் வேர் பிடிக்காது. பெர்முடாவை மே, ஜூனில் 1,000 சதுர அடிக்கு 1–2 பவுண்டு விதையுங்கள். செயின்ட் அகஸ்டினுக்குப் புல்பாய்தான் வழி. உங்களுக்குச் செப்டம்பரில் உள்ள வேலை, குளிர்காலக் களைக்குத் தடுப்பு மருந்து போடுவது.