அட்டைப்பெட்டி இருக்க வீட் மேட் எதற்கு?

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய சாமான்களோடு வந்த அட்டைப்பெட்டிகள் வீட்டில் குவிந்து கிடக்கின்றன. பழைய பேப்பர் கடையில் போட்டால் கிடைப்பது சொற்பம். கத்தரிப் பாத்தியில் களை வராமலிருக்க வீட் மேட் என்ற விரிப்பும், மண்புழுத் தொட்டிக்குத் தென்னை நார்க் கட்டியும் வாங்கச் சொல்கிறார்கள். அட்டையே போதாதா? அதில் விஷம் ஏதும் இருக்குமா?
– வாசகி, திருச்சி

பதில்: தாராளமாகப் போதும். அந்தக் காசுக்கு நல்ல விதை வாங்குங்கள்.

பழுப்பு நிற நெளி அட்டை மரக்கூழும் பழைய காகிதமும்தான். அடுக்குகளை ஒட்டுவது பெரும்பாலும் மாவுப் பசை. கறுப்பு எழுத்து அச்சு இருந்தால் பயமில்லை. பளபளவென்று படம் போட்ட பெட்டியும் ஜூஸ் டப்பாவும்தான் ஆகாது. சந்தேகமென்றால் ஒரு துண்டை ராத்திரி வாளித் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் உரித்துப் பாருங்கள்: நல்ல அட்டை அடுக்கடுக்காகப் பிரிந்து குழைந்துவிடும், பூச்சு அட்டையில் கண்ணாடித்தாள் போன்ற படலம் மிஞ்சும். டேப், கூரியர் ஸ்டிக்கர், பின் எல்லாவற்றையும் முதலிலேயே எடுத்துவிடுங்கள். நான் ஒருமுறை விட்டுவைத்த டேப், மாதக்கணக்கில் கழித்துக் கொத்தும்போது பாம்புச் சட்டை மாதிரி முழுசாக வந்தது.

மண்புழுத் தொட்டிக்கு விரலகலத்தில் கிழித்து, நனைத்து, பிழிந்தால் ஓரிரு சொட்டு வரும் ஈரத்தில் போடுங்கள். அட்டையில் தழைச்சத்து (நைட்ரஜன்) அநேகமாகக் கிடையாது. காய்கறிக் கழிவோ மட்கிய சாணமோ சேர்ந்தால்தான் உரமாகும். சில வாரம் கழித்து ஒரு துண்டைப் பிரியுங்கள். நெளிவுக் குழல்களுக்குள் புழுக்கள் நுழைந்து படுத்திருக்கும், பக்கத்தில் குட்டி எலுமிச்சை வடிவில் முட்டைக்கூடுகள். அதைப் பார்த்த பிறகு எனக்கு எந்தப் பெட்டியையும் வீசத் தோன்றியதில்லை.

பாத்தியில் களையை வெட்டி, மண்ணை நனைத்து, ஊறிய அட்டைகளின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி பரப்பி, மேலே தொழுவுரமோ சருகோ மூடுங்கள். காய்ந்த அட்டையைப் போட்டால் தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும். செடித் தண்டைத் தொடாமல் இடம் விடுங்கள். கோரைக்கு மட்டும் இது போதாது. கிழங்கைத் தோண்டியே எடுக்க வேண்டும்.

கரையான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புற்றோ, மண் பூச்சுக் கோடோ தெரிந்தால் தரையில் பரப்பவே வேண்டாம்; அட்டை கரையானுக்கு மிகவும் பிடித்த தீனி. வீட்டுச் சுவரோரப் பாத்திக்கும் இதே பேச்சுதான். அங்கே அட்டை முழுவதும் புழுத் தொட்டிக்கே போகட்டும்.