கமிட் வரியைப் பார்த்துத்தான் வெர்ஷன் எண் ஏறுகிறது
வாசகர் கேள்வி – பதில்

(வகைச்சொற்களையும் கட்டளைகளையும் இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கணினியில் ஆங்கிலத்தில், வகைச்சொல்லைச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.)

கேள்வி: எங்கள் குழுவில் நான்கு பேர். 'அப்டேட்', 'சின்ன மாற்றம்', 'ஃபிக்ஸ்டு' என்று ஆளுக்கொரு விதமாகக் கமிட் (கிட்டில் நிரல் மாற்றத்தைச் சேமிக்கும்போது இடும் குறிப்பு) எழுதிப் பழகிவிட்டோம். இனி வெர்ஷன் எண்ணைக் கருவியே போடட்டும் என்று முடிவு. எங்கே தொடங்குவது?

பதில்: கன்வென்ஷனல் கமிட்ஸ் 1.0.0 என்ற விதிமுறையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தமாக ஒன்று உருவாக்க வேண்டாம். கமிட்டைப் படித்து வெர்ஷன் எண் போடும் செமான்டிக்-ரிலீஸ், ரிலீஸ்-ப்ளீஸ் போன்ற கருவிகளுக்கு இந்த வடிவம் பழக்கமானது. முதல் வரி இப்படி அமையும்:

ஃபிக்ஸ்(இன்வாய்ஸ்): தள்ளுபடி உள்ள பில்லில் வரி இருமுறை கூடுவதை நிறுத்து

முதலில் வகை. அடைப்புக்குறிக்குள் வருவது ஸ்கோப், அதாவது எந்தப் பகுதி என்பது, தேவையில்லாவிட்டால் விட்டுவிடலாம். பிறகு முக்காற்புள்ளி, ஒரு இடைவெளி, விவரம். அந்த ஒற்றை இடைவெளி விதியின் பகுதி. அதை விட்டால் வரி முறைப்படியானது அல்ல, பல கருவிகள் அதைப் படிக்காமல் தாண்டிவிடும்.

இப்போது 1.4.2-இல் இருக்கிறீர்கள் என்றால், 'ஃபிக்ஸ்' வந்தால் 1.4.3. 'ஃபீட்', அதாவது ஃபீச்சர் என்பதன் முதல் நான்கு ஆங்கில எழுத்து, வந்தால் 1.5.0. பழைய பயன்பாட்டை உடைக்கும் மாற்றம் வந்தால் 2.0.0. ஒரு ரிலீசுக்குள் பத்து 'ஃபிக்ஸ்', ஒரு 'ஃபீட்' இருந்தாலும் ஏறுவது ஒருமுறைதான். இருப்பதில் பெரியது எதுவோ அதுவே எண்ணைத் தீர்மானிக்கும்.

'ஃபிக்ஸ்டு:' என்று எழுதினால் 'ஃபிக்ஸ்' ஆகாது. தெரியாத வகையைப் பார்த்துக் கருவி கூச்சலிடாது. ரிலீசுக்கு உரிய மாற்றம் இல்லை என்று லாகில் ஒரு வரி போட்டுவிட்டு அமைதியாக முடித்துக்கொள்ளும். பச்சை விளக்கு எரியும், வெர்ஷன் மட்டும் வந்திருக்காது.

தொடங்குமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இன்றைய வெர்ஷனுக்கு 'வி1.4.2' என்று டேக் (பெயர்ச்சீட்டு) இட்டு, 'கிட் புஷ் ஆரிஜின் வி1.4.2' என்று தனியாக அனுப்புங்கள். வெறும் புஷ்ஷில் டேக் போகாது. பழைய டேக் கண்ணில் படாவிட்டால் செமான்டிக்-ரிலீஸ் உங்கள் மென்பொருளைப் புதிதாகப் பிறந்ததாக எண்ணி 1.0.0-இலிருந்து ஆரம்பிக்கும்.

கேள்வி: 'ரீஃபாக்டர்', 'ஃபிக்ஸ்', 'சோர்' (பராமரிப்பு வேலை) இவற்றில் எது எப்போது என்று தினமும் வாக்குவாதம். சுலபமான அளவுகோல் உண்டா?

பதில்: உண்டு. நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்று பார்க்காதீர்கள். மென்பொருளைப் பயன்படுத்துபவருக்கு என்ன மாறியது என்று பாருங்கள். வகை என்பது வேலைக் குறிப்பு அல்ல, அவருக்குப் போகும் தகவல். பெரும்பாலான வாக்குவாதம் இந்த ஒரு கேள்வியில் அடங்கிவிடும்.

தேதியைப் படிக்கும் ஒரு ஃபங்ஷனை முழுக்க மாற்றி எழுதுகிறீர்கள். உள்ளே போவதும் வெளியே வருவதும் முன்போலவே இருந்தால் 'ரீஃபாக்டர்'. இருநூறு வரி மாறியிருந்தாலும் ரிலீஸ் தேவையில்லை. வேகம் கூடியிருந்தால் 'பெர்ஃப்'. செமான்டிக்-ரிலீஸ் இதற்குப் பேட்ச் எண்ணை, அதாவது மூன்றாவது எண்ணை, ஏற்றும். ஆனால் மாற்றி எழுதும்போது, காலித் தேதிக்கு முன்பு எரர் எறிந்த ஃபங்ஷன் இப்போது வெற்று மதிப்பைத் திருப்பித் தந்தால்? அந்த எரரைப் பிடித்துப் பயனருக்கு எச்சரிக்கை காட்டிக்கொண்டிருந்தவரின் நிரல் இனி எச்சரிக்காது. மாறியது ஒரே வரிதான், ஆனாலும் அது உடைக்கும் மாற்றம். 'ரீஃபாக்டர்' என்ற பெயரில் அதிகம் ஒளிந்துகொள்வது இந்த ரகம்தான். டெஸ்டில் எதிர்பார்ப்பு மதிப்பைத் திருத்த வேண்டி வந்தால் அது வெறும் ரீஃபாக்டர் அல்ல என்று சந்தேகப்படுங்கள்.

தலைகீழாகவும் தவறு நடக்கும். உடைந்த டெஸ்டைச் சரிசெய்ததற்கு 'ஃபிக்ஸ்' போட்டால், எதுவுமே மாறாத ஒரு புதிய வெர்ஷன் எல்லோருக்கும் போகும். அது 'டெஸ்ட்'. பில்ட் பைப்லைன் (மாற்றங்களைத் தானாகச் சோதித்துக் கட்டும் அமைப்பு) திருத்தம் 'சிஐ'. ஆவண எழுத்துப்பிழை 'டாக்ஸ்'.

நூலகங்களைப் புதுப்பிப்பதற்குப் பொதுவாக 'சோர்' அல்லது 'பில்ட்' போதும். மென்பொருளோடு சேர்ந்து ஓடும் நூலகத்தில் பாதுகாப்பு ஓட்டை அடைபட்டிருந்தால் மட்டும் 'ஃபிக்ஸ்' போடுங்கள். அந்தத் திருத்தம் பயனரிடம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். 'சோர்' போட்டால் அடுத்த ரிலீஸ் வரை கிடப்பில் கிடக்கும்.

கேள்வி: உடைக்கும் மாற்றத்தைக் குறிக்க ஆச்சரியக்குறி போட்டேன். மேஜர் எண் (முதல் எண்) ஏறவில்லை, ரிலீசே வரவில்லை. ஏன்?

பதில்: நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் செமான்டிக்-ரிலீஸ் ஆங்குலர் ப்ரீசெட்டை (ஆயத்த விதித்தொகுப்பு) எடுத்துக்கொள்ளும். அதன் பல பதிப்புகளுக்கு ஆச்சரியக்குறி புரியாது. முதல் வரியே வடிவத்தில் பொருந்தாமல் போய்விடும். 'கன்வென்ஷனல்கமிட்ஸ்' என்ற ப்ரீசெட்டை நிறுவி, கமிட்டை ஆராயும் ப்ளகின், ரிலீஸ் குறிப்பு எழுதும் ப்ளகின் இரண்டிலும் அதன் பெயரைக் கொடுங்கள். ஒன்றில் மட்டும் மாற்றினால் எண் ஒரு மாதிரியும் குறிப்பு வேறு மாதிரியும் வரும்.

அதோடு ஃபுட்டரையும் (செய்தியின் கடைசிப் பகுதி) எழுதுவது நல்லது. முழு வடிவம்:

ஃபீட்(ஏபிஐ)!: ஆர்டர் பட்டியலைப் பக்கம் பக்கமாக அனுப்பு

ஒரே அழைப்பில் எல்லா வரிகளும் போவதால் கிளையன்ட் திணறுகிறது. இனி ஒரு பக்கத்துக்கு 50 வரி.

பிரேக்கிங் சேஞ்ச்: பட்டியல் இனி 'ஐட்டம்ஸ்' புலத்துக்குள் வரும். அடுத்த பக்கத்துக்கு 'நெக்ஸ்ட்' மதிப்பைத் திருப்பி அனுப்பவும்.
ரெஃப்ஸ்: #218

முதல் வரிக்குப் பிறகும் ஃபுட்டருக்கு முன்பும் ஒரு வெற்று வரி கட்டாயம். வகைச்சொல்லில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பேதம் கிடையாது என்கிறது விதிமுறை. ஆனால் 'பிரேக்கிங் சேஞ்ச்' முழுக்கப் பேரெழுத்தில்தான் இருக்க வேண்டும். அதன்கீழ், என்ன உடைந்தது என்பதோடு நிற்காமல் என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதுங்கள். மேஜர் ரிலீஸ் குறிப்பில் மக்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

இரண்டு சின்னப் பொறிகள். டெர்மினலில் இரட்டை மேற்கோளுக்குள் ஆச்சரியக்குறி இருந்தால் பாஷ் அதைப் பழைய கட்டளையைத் தேடும் குறியாக எடுத்துக்கொண்டு எரர் காட்டும். ஒற்றை மேற்கோள் போடுங்கள். எடிட்டரில் எழுதும்போது '#218' என்று வரியைத் தொடங்கினால் கிட் அதைக் கமென்ட்டாகக் கருதி அழித்துவிடும். 'ரெஃப்ஸ்:' முன்னால் இருந்தால் பிழைக்கும்.

கேள்வி: கமிட்டெல்லாம் ஒழுங்காக எழுதுகிறோம். ஸ்குவாஷ் மெர்ஜ் (கிளையின் கமிட்டுகளை ஒன்றாக்கி இணைப்பது) செய்த பிறகு 'லாகின் பக்கம் வேலை' என்று ஏதோ ஒன்று முதன்மைக் கிளையான மெயினில் நிற்கிறது.

பதில்: அது புல் ரெக்வெஸ்டின், அதாவது கிளையை இணைக்கக் கேட்கும் கோரிக்கையின், தலைப்பு. கிட்ஹப் இயல்பாக, கிளையில் ஒரே கமிட் இருந்தால் அந்தக் கமிட்டின் செய்தியையும், பல இருந்தால் புல் ரெக்வெஸ்ட் தலைப்பையும் எடுக்கும். ஒருநாள் சரியாக, மறுநாள் தவறாகத் தெரிவது இதனால்தான். ரெப்பாசிட்டரி செட்டிங்சில் எப்போதும் தலைப்பையே எடுக்கும்படி மாற்றி, சிஐ-யில் தலைப்பைச் சோதியுங்கள். உள்ளே இருக்கும் தற்காலிகக் கமிட்டுகளை எப்படி வேண்டுமானாலும் எழுதட்டும், அவை மெயினுக்குப் போவதில்லை.

கூடவே ஒன்று. கிட்ஹப் ஆக்ஷன்சின் செக்அவுட் இயல்பாக ஒரே ஒரு கமிட்டைத்தான் இறக்கும். செமான்டிக்-ரிலீசுக்கு முழு வரலாறும் டேகுகளும் வேண்டும். 'ஃபெட்ச்-டெப்த்' மதிப்பை 0 ஆக்குங்கள்.

கேள்வி: தவறான வகையோடு மெயினுக்குப் போய்விட்டது. வரலாற்றைத் திருத்தலாமா?

பதில்: உங்கள் கணினியைத் தாண்டாதவரை தாராளமாக: கடைசிக் கமிட்டுக்கு 'அமெண்ட்', அதற்கு முந்தையவற்றுக்கு இன்டராக்டிவ் ரீபேசில் 'ரீவர்ட்' அல்ல, 'ரீவேர்ட்'. மெயினுக்குப் போய்விட்டால் தொடாதீர்கள். போட்ட வகை சரியானதைவிடச் சிறிய ஏற்றம் தருவதாக இருந்தால், 'அலவ்-எம்ப்டி' கொடியோடு வெற்றுக் கமிட் ஒன்றைச் சரியான வகையில் இட்டால் அடுத்த ரிலீஸ் எண் சரியாகும்.

உடைக்கும் மாற்றம் 1.4.3 என்று வெளியாகிவிட்டதா? அந்த டேகை நகர்த்தவோ அழித்து மறுபடி இடவோ கூடாது. வெளியான வெர்ஷனின் உள்ளடக்கம் மாறக்கூடாது என்பது செமான்டிக் வெர்ஷனிங்கின் விதி. என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் நூலகக் களஞ்சியம்) ஒருமுறை பயன்பட்ட எண்ணை மறுபடி ஏற்காது. மாற்றத்தைத் திரும்பப் பெற்று ஒரு வெர்ஷன் விடுங்கள். பழையபடி இயங்கத் தொடங்கியதும், அதே மாற்றத்தை முறையான ஃபுட்டரோடு 2.0.0 ஆக வெளியிடுங்கள்.

கேள்வி: விவரத்தைத் தமிழில் எழுதலாமா? கமிட்லிண்ட் (கமிட் வடிவத்தைச் சோதிக்கும் கருவி) தடுக்குமா?

பதில்: எழுதலாம். வகையும் ஃபுட்டர் சொல்லும் ஆங்கிலத்தில் இருந்தால் போதும். கமிட்லிண்டின் வழக்கமான அமைப்பு முதல் வரிக்கு 100 எழுத்து வரை அனுமதிக்கும். கடைசியில் முற்றுப்புள்ளி கூடாது. ஆனால் அது எண்ணும் விதத்தில் 'கொ' இரண்டு, 'க்ஷ' மூன்று. கண்ணுக்கு அறுபது எழுத்தாகத் தெரிவது நூறைத் தாண்டிவிடும். சுருக்கமாக எழுதுங்கள், காரணத்தை உடல் பகுதிக்கு நகர்த்துங்கள். கமிட் போடும்போதே சோதனையை ஓட்டும் ஹஸ்கி வழியாகக் கமிட்லிண்டை ஓட்டினாலும் 'நோ-வெரிஃபை' கொடி போட்டு யாரும் அதைத் தாண்டலாம் என்பதால், அதே சோதனையைச் சிஐ-யிலும் வையுங்கள்.