மலை ரயில் டிக்கெட்டுக்கு ஆறாயிரம் கேட்கிறார், கொடுக்கலாமா?

கேள்வி: கணவர், நான், ஆறு வயது மகள், மூன்று வயது மகன். மே மாதம் நான்கு நாள் ஊட்டி போக இருக்கிறோம். மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஏற வேண்டும் என்று மகள் ஒரே பிடிவாதம். இணையத்தில் பார்த்தால் வெயிட்டிங் லிஸ்ட். தெரிந்தவர் மூலம் அறிமுகமான ஒருவர் உறுதியான டிக்கெட், காட்டேஜ், கார், வண்டி நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸ் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். நான்கு டிக்கெட்டுக்கு மட்டும் ஆறாயிரம் ரூபாய் முன்பணம் கேட்கிறார். நம்பிக் கொடுக்கலாமா? மகனுக்குப் பஸ்ஸில் போனால் வாந்தி வரும் என்பது இன்னொரு கவலை. (வாசகி, தாம்பரம்)

பதில்: கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டிருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

முதலில் கணக்கைப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் இரண்டாம் வகுப்புக் கட்டணம் சுமார் 300 ரூபாய், முதல் வகுப்பு சுமார் 600. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குத் தனி இருக்கை கேட்காவிட்டால் டிக்கெட்டே வேண்டாம். ஆக உங்களுக்குத் தேவை மூன்று டிக்கெட்டுகள்தான். அவர் நான்குக்குப் பணம் கேட்கிறார். ரயில்வே இலவசமாக ஏற்றிக்கொள்ளும் மூன்று வயதுப் பிள்ளைக்கும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் விலை வைத்திருக்கிறாரே, இவரிடமா பயணத்தை ஒப்படைப்பது?

இந்த ஆட்கள் ‘உறுதி டிக்கெட்’ கொடுப்பது இரண்டு வழிகளில். ஒன்று, யார் பெயரிலோ முன்பே எடுத்து வைத்த டிக்கெட்டை உங்கள் கையில் திணிப்பது. டிக்கெட்டில் ஒரு பெயர், உங்கள் அடையாள அட்டையில் வேறு பெயர் என்றால், பரிசோதகரைப் பொறுத்தவரை நீங்கள் டிக்கெட் இல்லாமல் ஏறியவர். அபராதம் உங்களுக்கு. விற்றவர் அப்போது போனை எடுக்க மாட்டார். இரண்டாவது, வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டையே கொடுத்து, ‘கன்ஃபர்ம் ஆகிவிடும், கவலைப்படாதீர்கள்’ என்பது. இணையத்தில் எடுத்த டிக்கெட், சார்ட் (பயணிகளின் இறுதிப் பட்டியல்) தயாரான பிறகும் வெயிட்டிங் லிஸ்டிலேயே நின்றால் தானாக ரத்தாகிவிடும். டிக்கெட் எடுத்தவர் கணக்குக்குத்தான் பணம் திரும்பும். எடுத்தவர் நீங்கள் அல்லர்.

உரிமமில்லாமல் டிக்கெட் வாங்கி விற்பது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143ஆவது பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டுகள் வரை சிறையும் உண்டு. அங்கீகாரம் பெற்ற முகவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் சில பத்து ரூபாய்தான், ஆயிரக்கணக்கில் இல்லை.

‘பெயர் மாற்றித் தந்துவிடுவேன்’ என்று அவர் சொல்லக்கூடும். பெயர் மாற்றம் என்று ஒரு விதி உண்மையிலேயே இருக்கிறது. அதைக் காட்டித்தான் பலரை மடக்குகிறார்கள் என்பதால் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். உறுதியான டிக்கெட் வைத்திருப்பவர் போக முடியாமல் போனால், அதை அவருடைய அப்பா, அம்மா, அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, மகன், மகள், கணவன், மனைவி இவர்களில் ஒருவர் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். ரயில் புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பாகவே முன்பதிவு அலுவலகத்துக்குப் போய், எழுதிக் கொடுத்து, உறவுக்கான சான்றையும் காட்ட வேண்டும். ஒரு முறைதான் மாற்றலாம். மாமியார் இந்தப் பட்டியலில் இல்லை. மைத்துனர் இல்லை, ஓரகத்தி இல்லை, பேரன் பேத்தி இல்லை. உங்கள் மாமியார் டிக்கெட்டில் நீங்களே போக முடியாது என்கிறபோது, முகம் தெரியாத ஒருவர் டிக்கெட் எப்படி உங்கள் பெயருக்கு வரும்? அவர் உங்களுக்கு அண்ணனாக இருந்தால் ஒழிய வராது.

சரி, நேர்வழியில் எடுப்பது எப்படி? முன்பதிவுக் காலம் முன்பு 120 நாளாக இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். காலை 8 மணிக்குத் திறக்கும். ரயில்வே முன்பதிவுத் தளத்தில் உள்ள தங்கள் கணக்கில் ஆதாரை இணைத்துச் சரிபார்த்தவர்களுக்குத்தான் தொடக்கத்தில் வழி விடுகிறார்கள். இதை முதல் நாள் இரவே செய்து வைக்காமல் எட்டு மணிக்கு ஓடிவந்து ஓடிபி தேடுகிறவர்கள்தான் அதிகம். மே பயணத்துக்கு மார்ச்சிலேயே எடுக்க வேண்டும். மார்ச்சில் உங்கள் மகளுக்குத் தேர்வு, உங்கள் கணவருக்கு ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதம். கோடை விடுமுறை எந்த நாளில் தொடங்கும் என்று பள்ளியே சொல்லியிருக்காது. இந்த நாட்டில் பிள்ளைகுட்டி உள்ளவர்கள் எப்படித் திட்டமிடுவது என்று இந்த விதிகளை எழுதுகிறவர்கள் ஒரு முறையாவது யோசித்திருப்பார்களா? மேட்டுப்பாளையத்திலிருந்து தினமும் கிளம்பும் வழக்கமான ரயில் ஒன்று, அதில் சில பெட்டிகள். ஊரே அதற்கு அடித்துக்கொள்கிறது. தரகர் முளைக்காமல் என்ன செய்வார்?

ஆனால் டிக்கெட் கிடைத்தாலும் உங்கள் குடும்பத்துக்கு அந்த ஏறும் ரயிலை நான் பரிந்துரைக்க மாட்டேன். காலை 7.10க்குக் கிளம்பி ஊட்டி சேர நண்பகல் ஆகிவிடும். 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். பெட்டியில் கழிப்பறை கிடையாது. இதை எந்தத் தரகரும் சொல்வதில்லை. மூன்று வயதுப் பையனை மடியில் வைத்துக்கொண்டு ஹில்குரோவ் நிலையம் வரும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கே எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். குரங்குகளும் அதற்காகவே காத்திருக்கும். சென்ற கோடையில் ஒரு தாய் பையனின் கால்சட்டையை மாற்றிக்கொண்டிருந்த அரை நிமிடத்தில் பக்கத்தில் வைத்த பிஸ்கட் பொட்டலமும் பால் புட்டியும் போய்விட்டன. பிஸ்கட்டை விட்டுவிடலாம், பால் புட்டியை நினைத்துப் பாருங்கள்.

அதனால் இறங்கும்போது ரயிலில் வாருங்கள். ஊட்டியில் பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பி மாலை 5.35 அளவில் மேட்டுப்பாளையம் வந்துவிடும், மூன்றரை மணி நேரம்தான். அதே 208 வளைவுகள், அதே 16 குகைகள். குன்னூரில் டீசல் எஞ்சினைக் கழற்றி நீராவி எஞ்சினை மாட்டுவதை மகளுக்குக் காட்டுங்கள். அதற்கும் கீழே தண்டவாளத்துக்கு நடுவில் பல்வரிசை ஓடும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கடித்துக்கொண்டேதான் இறங்கும். எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம் இருக்கும், ஏறும்போது பின்னால் நின்று தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். ஆறு வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும், பெரியவர்களுக்குத்தான் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது. இதற்கும் இடம் கிடைக்கவில்லையா, குன்னூர் முதல் ஊட்டி வரை மட்டும் போங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம், தினமும் பல ரயில்கள். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று வரிசையாக நிலையங்கள் வரும். முன்பதிவில்லா டிக்கெட்டும் கவுண்டரில் தருவார்கள், சற்று முன்னதாகப் போய் வரிசையில் நிற்க வேண்டும். மகளுக்கு வேண்டியது மலை ரயில். அது எந்த நிலையத்தில் தொடங்கியது என்று அவள் கணக்குப் பார்க்கப்போவதில்லை.

மழையில் மண் சரிந்தால் ரயிலை ரத்து செய்துவிடுவார்கள். நீங்களே எடுத்த டிக்கெட் என்றால் கட்டணம் திரும்பும்.

இ-பாஸுக்கும் அவர் தனியாக ஒரு தொகை போட்டிருப்பார். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இந்தப் பாஸ் முழுக்க இலவசம். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வைத்தார்கள். அரசின் இ-பாஸ் தளத்தில் கைப்பேசி எண், வண்டி எண், தங்கும் இடம் கொடுத்தால் வந்துவிடும். ரயிலிலோ அரசு பஸ்ஸிலோ போகிறவர்களுக்கு அதுகூடத் தேவையில்லை. நீங்கள் நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் போய் இறங்கி, அங்கிருந்து அரசு பஸ்ஸில் ஏறினால் இந்தத் தலைவலியே இல்லை.

வாந்தி விஷயம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள். நேராக ஊட்டிக்குப் போகாமல் குன்னூரிலேயே தங்குங்கள், பயணம் சற்றுக் குறையும். வயிறு முட்ட ஊட்டாமல், இரண்டு இட்லியோடு நிறுத்தி, ஜன்னலோரம் முன்பக்க இருக்கையில் உட்கார வையுங்கள். கையில் போனைக் கொடுக்காதீர்கள், பாதி வாந்தி அதனால்தான். மருந்து கொடுப்பதாக இருந்தால் குழந்தை மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள், மருந்துக் கடைக்காரரைக் கேட்டு வேண்டாம்.

காட்டேஜுக்கும் முன்பணம் அனுப்பாதீர்கள். அழகான புகைப்படம் பத்து, கியூஆர் குறியீடு ஒன்று, அவ்வளவுதான் பல காட்டேஜ்கள். பதிவு எண் கேளுங்கள், வரவேற்பறைக்குப் போன் போட்டு அங்கிருப்பவரிடம் பேசுங்கள். காரை நாள் வாடகைக்கு எடுத்தால் ஓட்டுநர் எட்டு ‘பாயிண்ட்’ என்று பட்டியல் நீட்டுவார். அதில் தேயிலைத் தொழிற்சாலை, சாக்லேட் கடை, தைலக் கடை மூன்றும் அவருடைய கமிஷனுக்கு, பிள்ளைகளுக்கு அல்ல. ‘வேண்டாம்’ என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். குன்னூர் சிம்ஸ் பூங்காவில் ஒரு காலை, ஊட்டி தாவரவியல் பூங்காவில் ஒரு காலை, மற்ற நேரம் தங்கும் இடத்தின் முற்றத்தில் மண்ணில் விளையாடட்டும். தொட்டபெட்டாவில் வரிசையில் நின்று பனிமூட்டத்தைப் பார்த்துவிட்டு வருவதைவிட அது மேல்.

எஃகுத் தண்ணீர்ப் புட்டிகள் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை, மலையேறும் வழியிலேயே சோதனை போடுவார்கள்.

இறங்கும் ரயில் மேட்டுப்பாளையம் வந்த பிறகு, சென்னைக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான். இடையில் இருக்கும் மூன்றரை மணி நேரத்தில் பையைக் காவல் காக்க ஒருவர் நிலையத்திலேயே இருங்கள். மற்றவர் பிள்ளைகளுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, உடை மாற்றி அழைத்து வரலாம்.