64-பிட் என்றால் மட்டும் போதுமா?

கேள்வி: பழைய லேப்டாப்பில் 32-பிட் விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. டெபியன் 13 (லினக்ஸில் ஒரு வகை) போடலாம் என்று பார்த்தால் 32-பிட் இன்ஸ்டாலரே காணோம். இயந்திரத்தைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஓடுவது 32-பிட் விண்டோஸ் என்பதால் செயலியும் 32-பிட்தான் என்று ஆகிவிடாது. நினைவகம் குறைந்த பல லேப்டாப்களில் 64-பிட் செயலியின் மேல் 32-பிட் விண்டோஸை ஏற்றித்தான் விற்றார்கள். ஏதாவது ஒரு 32-பிட் லினக்ஸைப் பென்டிரைவிலிருந்து லைவாக பூட் செய்து, டெர்மினலில் எல்எஸ்சிபியு என்று அடியுங்கள். ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து. 'சிபியு ஆப்-மோட்' வரியில் 32, 64 இரண்டும் தெரிந்தால் டெபியன் 13-இன் ஏஎம்டி64 பதிப்பை ஏற்றலாம். (பெயரில் ஏஎம்டி இருந்தாலும் இன்டெல் செயலிக்கும் அதேதான். இதில் ஒருமுறையாவது குழம்பாதவர்கள் குறைவு.)

32 மட்டும் தெரிந்தால் டெபியன் 12-இன் ஐ386 பதிப்பைப் போடுங்கள். ஐ386 என்பது வெறும் பெயர்தான். 386 செயலியை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 2013-இல், 3.8 பதிப்பிலேயே கைவிட்டுவிட்டது. டெபியன் 12 கேட்பது 686 வகைச் செயலி, அதிலும் 'லாங் நாப்' (எதுவும் செய்யாமல் இடத்தை மட்டும் நிரப்பும்) ஆணை தெரிந்தது. ஏஎம்டியின் 'ஜியோடு' செயலி இங்கேதான் அடிபடும். பென்டியம் எம் செயலிகள் சிலவற்றில் வேறு வேடிக்கை: பிஏஇ (4 ஜிபிக்கு மேல் நினைவகத்தை எட்டும்) வசதி உள்ளே இருக்கும், ஆனால் வெளியே காட்டாது. பிஏஇ இல்லை என்று கெர்னல் முரண்டு பிடித்தால், பூட் வரியின் கடைசியில் ஃபோர்ஸ்பிஏஇ என்று சேர்த்துப் பாருங்கள். ஒன்று மட்டும் வேண்டாம்: இந்த லேப்டாப்பை 12-இலிருந்து 13-க்கு அப்கிரேடு செய்வது. 13-இல் ஐ386-க்குக் கெர்னலே கிடையாது. மென்பொருள் தொகுப்புகளும் எஸ்எஸ்இ2 என்னும் கூடுதல் ஆணைகளைக் கேட்கும்.

கேள்வி: விர்ச்சுவல் மெஷினில் ரெட் ஹாட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 10 ஏற்றினேன். செயலி 64-பிட், புதியதும்கூட. பூட் ஆகும்போது, செயலிக்கு எக்ஸ்86-64-வி3 தெரியாது என்று ஜிலிப்சி (நிரல்களுக்கு அடிப்படையான சி நூலகம்) பிழை காட்டிவிட்டு கெர்னல் பேனிக் ஆகி, எல்லாம் நின்றுவிடுகிறது. இன்ஸ்டால் செய்த ஐஎஸ்ஓ கோப்பு கெட்டுப்போனதா?

பதில்: ஐஎஸ்ஓ நன்றாகத்தான் இருக்கிறது. 2003-இல் ஏஎம்டி ஆப்டரானோடு வந்த 64-பிட் ஆணைகள் வெறும் அடித்தளம். அதன்மேல் இப்போது படிகள் வைத்திருக்கிறார்கள்: வி2-வுக்கு எஸ்எஸ்இ4.2, பாப்கவுன்ட் ஆணைகள் வேண்டும்; வி3-க்கு ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ, பிஎம்ஐ ஆணைகள் எல்லாம் வேண்டும். ரெட் ஹாட் 9 நிற்பது வி2-வில், 10 நிற்பது வி3-இல். எந்தப் படி என்று, நிரலை இயந்திர ஆணைகளாக மாற்றும் கம்பைலருக்குச் சொல்லிவிட்டால், அந்த ஆணைகளை அது எல்லா நிரல்களிலும் தூவிவிடும். கெர்னல் எழுந்துவிடும், அடுத்து முதல் நிரலான சிஸ்டம்டி ஜிலிப்சியைத் தொட்டதும், அந்த நூலகம் செயலியைச் சோதித்துப் பார்த்து நின்றுவிடும். முதல் நிரல் செத்தால் கெர்னலுக்குப் பேனிக் தவிர வேறு வழியில்லை.

செயலி புதியது என்கிறீர்கள். அப்படியானால் குறை விர்ச்சுவல் மெஷின் அமைப்பில்தான். விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் கியூஎமு மென்பொருள் தானாகத் தரும் செயலி மாதிரி, கீழே எவ்வளவு நல்ல செயலி இருந்தாலும் பழைய அடித்தளத்தைத்தான் காட்டும். செயலி வகையை 'ஹோஸ்ட்' என்று மாற்றுங்கள். பிறகு மெஷினை முழுதாக அணைத்துவிட்டு இயக்க வேண்டும். உள்ளிருந்து ரீபூட் செய்தால் பழைய அமைப்பே தொடரும். ஓடும் மெஷினை வேறு சர்வருக்கு நகர்த்தும் பழக்கம் இருந்தால் மட்டும் 'ஹோஸ்ட்' தொல்லை தரும்: அங்கேயும் அதே ஆணைகள் இருக்க வேண்டும்.

நேரடி இயந்திரம் என்றால் வாங்கிய ஆண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். 2013-இல் வந்த இன்டெலின் ஹேஸ்வெல் தலைமுறைக் கோர் ஐ5-இல் ஏவிஎக்ஸ்2 உண்டு. அதே தலைமுறைப் பென்டியத்திலும் செலரானிலும் கிடையாது. எல்எஸ்சிபியு காட்டும் 'ஃபிளாக்ஸ்' வரியில் ஏவிஎக்ஸ்2 இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் ரெட் ஹாட் 9, அல்லது அடித்தளமே போதும் என்னும் டெபியன் 13.

கேள்வி: ராஸ்பெர்ரி பை ஜீரோ என்னும் சிறு கணினியில் டெபியனின் ஆர்ம்எச்எஃப் (32-பிட் ஏஆர்எம் செயலிகளுக்கான) தொகுப்பு ஒன்றைப் போட்டதிலிருந்து 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்றே வருகிறது. ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸும் ஆர்ம்எச்எஃப்தானே?

பதில்: பெயர் ஒன்று, சரக்கு வேறு. ஜீரோவின் செயலி ஏஆர்எம்வி6. டெபியனின் ஆர்ம்எச்எஃப் ஏஆர்எம்வி7-க்குக் கம்பைல் செய்தது. 32-பிட் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் அதே பெயரில் ஏஆர்எம்வி6-க்குச் செய்தது. தொகுப்பு நிர்வாகிக்குப் பெயர் மட்டுமே தெரியும் என்பதால் தடுக்காது. அந்த ஒரு தொகுப்பை நீக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். டெபியன் களஞ்சியத்தையே பட்டியலில் சேர்த்து அப்கிரேடும் செய்திருந்தால், சி நூலகமே மாறிப்போயிருக்கலாம்; கோப்புகளை வேறு கணினியில் எடுத்துக்கொண்டு கார்டைப் புதிதாக எழுதிவிடுங்கள். ஜீரோ 2 டபிள்யூவில் இந்தச் சிக்கல் இல்லை, அது 64-பிட் செயலி.