மூளை பயத்தைக் காட்டி விற்கிறார்கள்: வாங்குவோர் கேள்வி-பதில்

காற்று மாசும் மூளையும் பற்றி இந்த முறை நிறைய கடிதங்கள். சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீடு மணலியில். மகளுக்கு எட்டு வயது. வீடு தேடி வந்த விற்பனையாளர், "காத்துல இருக்கிற தூசி நேரா மூளைக்குப் போகுதும்மா, ஆறு மாசத்துல குழந்தைக்கு ஞாபக சக்தி போயிடும்" என்று சொல்லி, 24,000 ரூபாய் ஏர் பியூரிஃபையருக்குத் தவணை எழுதிக்கொண்டு போய்விட்டார். மெஷின் இன்னும் வரவில்லை. நோட்டீஸில் "600 சதுர அடி வரை" என்று போட்டிருக்கிறது. எங்கள் ஹால் 20-க்கு 15 அடி. அவர் சொன்னது உண்மையா?

பதில்: தூசி மூளைக்குப் போகிறது என்பது உண்மை அம்மா. ஆறு மாதக் கணக்கு, உங்களிடம் கையெழுத்து வாங்குவதற்காகச் சொன்னது.

பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான துகள். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட வராது. நுரையீரலின் ஆழம் வரை போய், அதிலும் மிக நுண்ணியவை ரத்தத்தில் கலக்கின்றன. மூக்கிலிருந்து வாசனை நரம்பு வழியாகவும் மூளையை எட்டலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். மெக்சிகோ நகரிலும் மான்செஸ்டரிலும் வாழ்ந்து இறந்தவர்களின் மூளைத் திசுவில் இரும்பு ஆக்சைடு நுண்துகள்கள் இருந்ததை 2016-ல் லான்காஸ்டர் பல்கலைக்கழகக் குழு வெளியிட்டது. கடும் வெப்பத்தில் எரிந்து உருவாகும் துகளைப் போல அவற்றில் பல உருண்டையாக இருந்தன. மறதி நோய்க்கான தவிர்க்கக்கூடிய காரணங்களின் பட்டியலில் காற்று மாசை 2020-ல் 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் ஆணையம் சேர்த்தது. ஆனால் அது பல வருட சுவாசத்தைப் பற்றிய கணக்கு.

குழந்தைகள் விஷயத்தில் பார்சிலோனா ஆய்வைச் சொல்லலாம். 39 பள்ளிகளின் பிள்ளைகளை ஒரு வருடம் கவனித்து 2015-ல் வெளியிட்டார்கள். மாசு குறைந்த பள்ளிகளில் செயல்படு நினைவாற்றல் (ஒரு வேலையைச் செய்யும்போது தகவலை மனதில் வைத்திருக்கும் திறன்) 11.5 சதவீதம் வளர்ந்தது. மாசு அதிகமான பள்ளிகளில் 7.4 சதவீதம். வளர்ச்சி மெதுவானதே தவிர, இருந்த நினைவு அழியவில்லை. கவலைப்பட வேண்டிய விஷயம்தான். அந்தக் கவலையை வைத்து ஒரு தாயை மிரட்டுவது அயோக்கியத்தனம்.

இனி மெஷினுக்கு வருவோம். இது எனக்கு வெகுநாள் ஆதங்கம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பெட்டியில் போடும் சதுர அடியை நம்பவே கூடாது. கேட்க வேண்டிய எண் சிஏடிஆர்: ஒரு மணி நேரத்தில் எத்தனை கன மீட்டர் சுத்தமான காற்றைத் தருகிறது என்பது. உங்கள் ஹாலுக்குப் பத்தடி உயரம் என்றால் 3,000 கன அடி, அதாவது சுமார் 85 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறையாவது அவ்வளவு காற்றும் சுத்தமாக வேண்டும். அப்படியானால் சிஏடிஆர் 425 தேவை. 170 சிஏடிஆர் உள்ள சின்ன மெஷினையே "600 சதுர அடி" என்று விற்க முடியும். மணிக்கு ஒரே ஒரு முறை என்று கணக்குப் போட்டால் அது பொய்யாகாது. கதவிடுக்கில் புதுக்காற்று வந்துகொண்டே இருக்கும் வீட்டில் ஒரு முறை எதற்கும் காணாது. படுக்கையறை 10-க்கு 12 அடிதான் என்றால் அங்கே அதே 170 போதும். மகள் எட்டு, ஒன்பது மணி நேரம் தூங்குகிற அறையில் வைக்காமல் ஹாலில் வைக்க நினைப்பதே தப்பு.

அடுத்தது மாற்று ஃபில்டரின் விலை. என் வீட்டுக்கு ஒன்று வாங்கியபோது கடைக்காரர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மெஷின் விலையில் பாதி ஃபில்டருக்கு. அடுத்த வருடம் அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள். ஃபில்டர் இல்லாத மெஷின் இன்றும் பரணில் கிடக்கிறது. சிஏடிஆர், நுண்துகளைப் பிடிக்கும் 'ஹெப்பா' ஃபில்டரின் தரம், மாற்று ஃபில்டர் விலை, எத்தனை வருடம் கிடைக்கும் என்பது: இவற்றை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் மெஷின் வருவதற்கு முன்பே ரத்து செய்யச் சொல்லி எழுத்தில் அனுப்புங்கள். தவணை தரும் நிறுவனத்துக்கும் ஒரு நகல்.

கேள்வி: தினமும் டூவீலரில் கிண்டி வரை போகிறேன். நடைபாதைக் கடையில் "பிஎம் 2.5 கார்பன்" என்று எழுதிய துணி மாஸ்க் 150 ரூபாய். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். என்95 அல்லது எஃப்எஃப்பி2 தர மாஸ்க் வாங்குங்கள், முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது, மறதி ஆரம்பித்திருக்கிறது. ஆன்லைன் விளம்பரத்தில் "மாசு நச்சை மூளையிலிருந்து வெளியேற்றும்" என்று பார்த்து மூன்று பாட்டில் மூக்குச் சொட்டு மருந்து வாங்கினேன். 5,697 ரூபாய். இப்போது அந்த நம்பர் எடுப்பதில்லை. அம்மாவிடம் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: நீங்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை. அப்பா மீதுள்ள பாசத்தைக் குறிவைத்துப் பணம் பறித்திருக்கிறார்கள். மூளைக்குள் போன துகளை வெளியே இழுக்கும் மருந்து எதுவும் கிடையாது. மூளை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டு மருந்து, மாய வைத்திய விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் போன விவரம், பாட்டில் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். பணம் வராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சொட்டு மருந்தை உடனே நிறுத்திவிட்டு அப்பாவை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு, பி12 குறைவாலும் மறதி வரும். அவற்றைச் சரிசெய்ய முடியும்.

கேள்வி: படுக்கையறையில் பியூரிஃபையர் ஓடுகிறது. கொசுவுக்காக சுருளும் ஏற்றுகிறோம். ஃபில்டர் சீக்கிரம் கறுத்துவிடுகிறது. மட்டமான ஃபில்டரா?

பதில்: ஃபில்டர் தன் வேலையைச் செய்கிறது. ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடியும்போது வரும் பிஎம் 2.5, 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-ல் வந்த ஆய்வு சொல்கிறது. புகையை நீங்களே மூட்டிவிட்டுக் கம்பெனியைக் குறை சொல்வது நியாயமா? ஜன்னலுக்கு வலை அடியுங்கள், கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணியையும் மூடிய அறையில் போடாதீர்கள்.

கேள்வி: எக்ஸிபிஷனில் காற்றைச் சுத்தம் செய்யும் "அயனி" மெஷின் வாங்கினேன், ரொக்கம். பில் வாங்கவில்லை, பெட்டியையும் போட்டுவிட்டேன், கம்பெனி பெயர் ஞாபகமில்லை. போட்டால் ஜெராக்ஸ் கடை மாதிரி நெடி, இருமல். பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: யாரிடம் போய்க் கேட்பது? பில் வாங்குங்கள் என்று இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதுவது! கடன் கேட்டு வருபவரிடம் இவ்வளவு அலட்சியமாகப் பணத்தைக் கொடுப்பீர்களா? அந்த நெடி ஓசோனாகத்தான் இருக்கும், நுரையீரலை எரிக்கும். வீட்டுக்குள் வைக்கும் காற்றுச் சுத்திகரிப்பு மெஷின்களின் ஓசோனுக்குக் கலிபோர்னியாவில் 0.050 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 0.050 பங்கு) என்று உச்சவரம்பே வைத்திருக்கிறார்கள். இன்றே பிளக்கைப் பிடுங்குங்கள். இருமல் நிற்காவிட்டால் டாக்டரைப் பாருங்கள். வேறு யாருக்கும் அதைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: காற்றைச் சுத்தம் செய்யும் என்று பன்னிரண்டு ஸ்நேக் பிளான்ட் தொட்டி 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். பலன் உண்டா?

பதில்: அழகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1989-ல் நாசா செய்த சோதனை மூடிய சிறு பெட்டிக்குள் நடந்தது. அதில் பார்த்தது ரசாயன ஆவிகளை, தூசியை அல்ல.

கேள்வி: 1,200 ரூபாய் மீட்டர் மார்கழி விடியற்காலையில் பிஎம் 2.5 முன்னூறுக்கு மேல் காட்டுகிறது. ஊரை விட்டுப் போய்விடலாமா?

பதில்: சின்ன மீட்டர்கள் பனித்துளியையும் துகளாக எண்ணிவிடும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் பக்கத்து நிலையத்தின் அளவைப் பாருங்கள். போகிப் பண்டிகையன்று அதிலும் எகிறினால் அது நிஜப் புகை. அன்று காலை ஜன்னலைச் சாத்தி, நடைப்பயிற்சியை விட்டுவிடுங்கள்.