வாசகர் கேள்வி–பதில்: வேல்ஸ் எஸ்டேட்களின் பழைய ஏடுகள்

கேள்வி: மதராஸ் கவர்னராக இருந்த எட்வர்டு கிளைவின் குடும்பக் காகிதங்கள் வேல்ஸில் இருப்பதாகப் படித்தேன். கிளைவ் இங்கிலாந்துக் குடும்பம் ஆயிற்றே, அவை எப்படி அங்கே போயின? (வாசகர், திருச்சி)

பதில்: கல்யாணத்தால் போயின. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்டு 1784-ல் ஹென்ரியட்டா ஹெர்பர்ட்டை மணந்தார். வெல்ஷ்பூல் பக்கத்திலுள்ள பொவிஸ் கோட்டை 1587 முதல் ஹெர்பர்ட் குடும்பத்துச் சொத்து. அவர்களிடம் பழம்பெருமை இருந்தது, கூடவே கடனும் இருந்தது. கிளைவ் வீட்டிலோ இந்தியாவில் சேர்த்த பணம் இருந்தது. 1801-ல் ஹென்ரியட்டாவின் அண்ணன் வாரிசில்லாமல் இறந்தார். எஸ்டேட் ஹென்ரியட்டாவின் மகனுக்கு வந்தது. 1804-ல் எட்வர்டுக்கு பொவிஸ் ஏர்ல் பட்டம் கிடைத்தது. மகன் 1807-ல் கிளைவ் என்ற குடும்பப் பெயரை விட்டு ஹெர்பர்ட் ஆனார். சொத்துக்காகப் பெயரை மாற்றுவது அந்த வட்டாரத்தில் சகஜம். குடும்பப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுகிறவர்கள் பாதியில் நின்றுபோவது இதனால்தான்.

எட்வர்டு 1798 முதல் 1803 வரை கவர்னர். ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, கட்டபொம்மனும் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டது, ஆற்காட்டு நவாபின் ஆட்சி கம்பெனி கைக்குப் போனது எல்லாம் அந்த ஆண்டுகளில்தான். திப்புவின் கூடாரமும் சிம்மாசனத்துத் தங்கப் புலித்தலை ஒன்றும் இன்றும் பொவிஸ் கோட்டையில் இருக்கின்றன. ஆனால் காகிதங்கள் ஒரே இடத்தில் இல்லை. அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகம், லண்டன் பிரிட்டிஷ் நூலகம், ஷ்ரூஸ்பரியில் உள்ள ஷ்ராப்ஷயர் ஆவணக் காப்பகம் என்று பிரிந்து கிடக்கின்றன. குடும்பத்தின் நிலங்கள் இங்கிலாந்து–வேல்ஸ் எல்லையின் இரண்டு பக்கமும் இருந்ததன் விளைவு இது. பாளையக்காரர் காலத்தை ஆராய்கிறவர்கள் மூன்று இடத்துப் பட்டியலையும் பார்க்காமல் ‘கிடைக்கவில்லை’ என்று முடிவு கட்டக் கூடாது.

கேள்வி: நாங்கள் வட வேல்ஸில் ஒரு பழைய பண்ணை வீடு வாங்கியிருக்கிறோம். அது முன்பு ஏதோ எஸ்டேட்டைச் சேர்ந்ததாம். அங்கே யார் யார் குடியிருந்தார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகி, ரெக்ஸம்)

பதில்: ஆளைத் தேடாதீர்கள், நிலத்தைத் தேடுங்கள். எஸ்டேட் ஏடுகள் முழுக்கப் பண்ணையின் பெயரால் எழுதப்பட்டவை.

முதலில் உங்கள் திருச்சபைப் பங்கின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்) தசமபாக வரைபடத்தை எடுங்கள். தசமபாகம் என்பது விளைச்சலில் பத்தில் ஒன்றைத் திருச்சபைக்குக் கொடுப்பது. 1836-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பங்கு பங்காக வரையப்பட்டவை இவை. வேல்ஸ் தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வரைபடத்தில் ஒவ்வொரு வயலுக்கும் ஓர் எண் இருக்கும். அதோடு சேர்ந்த பட்டியல் நம் ஊர் அடங்கல் மாதிரி: எண், நில உரிமையாளர், அனுபவதாரர், வயலின் பெயர், சாகுபடி, பரப்பு. பரப்பு ஏக்கர், ரூட், பெர்ச் கணக்கில் இருக்கும். 40 பெர்ச் ஒரு ரூட், 4 ரூட் ஓர் ஏக்கர். ‘12–3–20’ என்றால் பன்னிரண்டே முக்கால் ஏக்கரும் 20 பெர்ச்சும். தசமப் புள்ளி என்று நினைத்துக் கூட்டினால் கணக்கு உதைக்கும்.

உரிமையாளர் பெயர் கிடைத்ததும் எஸ்டேட் எது என்று தெரிந்துவிடும். உங்கள் பக்கம் என்றால் பெரும்பாலும் வின்ஸ்டே, சர்க் கோட்டை, எர்த்திக் போன்றவற்றில் ஒன்றாக இருக்கும். வின்ஸ்டே, சர்க் ஏடுகளுக்கு அபெரிஸ்ட்வித் போக வேண்டும். எர்த்திக் காகிதங்களுக்கு வடகிழக்கு வேல்ஸ் ஆவணக் காப்பகம். வடமேற்கு எஸ்டேட்கள் பலவற்றின் காகிதங்கள் பாங்கர் பல்கலைக்கழகத்தில் உள்ளன.

அங்கே முதலில் கேட்க வேண்டியது குத்தகைப் பேரேடு. வருஷா வருஷம் பண்ணையின் பெயர், குத்தகைதாரர், அரையாண்டுக் குத்தகை, பாக்கி என்று வரும். கிடைக்கிற கடைசிப் பேரேட்டிலிருந்து ஒவ்வோர் ஆண்டாகப் பின்னோக்கி வாருங்கள். நடுவில் ஆண்டுகளைத் தாண்டினால் பண்ணை இரண்டாகப் பிரிந்ததோ பெயர் மாறியதோ தெரியாமல் போய்விடும். பேரேட்டிலுள்ள பெயரை அப்படியே நம்பவும் வேண்டாம். ஆள் இறந்து சில ஆண்டுகள் வரை எழுத்தர் பழைய பெயரையே நகலெடுத்துக்கொண்டு போவதுண்டு. பங்குப் பதிவேட்டின் அடக்கத் தேதியோடு ஒத்துப்பாருங்கள்.

அடுத்தது குத்தகைப் பத்திரம். 18-ம் நூற்றாண்டில் ‘மூன்று உயிர்க் குத்தகை’ பரவலாக இருந்தது: பெயர் குறிப்பிட்ட மூன்று பேரில் கடைசி ஆள் உயிரோடு இருக்கும்வரை நிலம் குடும்பத்திடம் இருக்கும். பெரும்பாலும் குத்தகைதாரர், மனைவி, ஒரு பிள்ளை. பிள்ளையின் வயதையும் சில பத்திரங்களில் குறித்திருப்பார்கள். குத்தகைதாரர் இறந்தால் வீட்டிலிருக்கும் சிறந்த மாட்டையோ அதற்கு ஈடான பணத்தையோ எஸ்டேட்டுக்குக் கொடுக்க வேண்டும். பணக் குத்தகைக்கு மேல் கோழி, நிலக்கரி வண்டி ஓட்டுவது, அறுவடைக்கு ஆள் அனுப்புவது என்று கடமைகளும் இருக்கும். வம்சாவளிச் சுருளைத் தேடி ஓடுகிறவர்கள் இந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சுருளில் எஜமானர் மட்டும்தான் இருப்பார். அந்த வீட்டில் உழைத்தவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். பழுதுபார்ப்பு வவுச்சர்கள் கிடைத்தால் விடாதீர்கள். கூரைக்கு எத்தனை ஸ்லேட் பலகை வாங்கினார்கள், கொத்தனாருக்கு நாள்கூலி என்ன என்பதுவரை அவற்றில் கிடைக்கலாம்.

சிக்கல் பெயர்களில் வரும். டீ நெவிட், பென்-எ-பாண்ட் போன்ற பண்ணைப் பெயர்கள் வேல்ஸ் முழுக்க ஏராளம். பங்கின் பெயரையும் சேர்த்தே தேடுங்கள். எழுத்தர்கள் வெல்ஷ் பெயர்களை ஆங்கிலக் காதால் கேட்டு எழுதியதால் ஒரே பண்ணைக்கு நாலைந்து எழுத்துக்கூட்டல் இருக்கும். குத்தகைதாரர் குடும்பங்களில் நிலையான குடும்பப் பெயர் வெகுகாலம் இல்லை: அப்பா ஜான் இவான் என்றால் பிள்ளை இவான் ஜான். இருவரையும் வேறு வேறு குடும்பம் என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: ஒரு பத்திரத்தில் ‘எலிசபெத் 13’ என்றும், இன்னொன்றில் ‘பிப்ரவரி 12, 1700’ என்றும் இருக்கிறது. இவற்றை எப்படிக் கணக்கிடுவது? (ஆய்வு மாணவர், யாழ்ப்பாணம்)

பதில்: முதலாவது ஆட்சியாண்டு. முதலாம் எலிசபெத் 1558 நவம்பர் 17-ல் பட்டத்துக்கு வந்தார். பதின்மூன்றாம் ஆண்டு 1570 நவம்பர் 17-ல் தொடங்கி அடுத்த ஆண்டு நவம்பர் 16-ல் முடியும். நாள், மாதம் பார்க்காமல் 1570 என்றோ 1571 என்றோ எழுத முடியாது. இரண்டாவதில் பொறி உள்ளது. 1752-க்கு முன் சட்டப்படி ஆண்டு மார்ச் 25-ல்தான் பிறந்தது. ஆக அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1701. குறிப்பெடுக்கும்போது ‘1700/1’ என்று எழுதுங்கள்.

நீதிமன்றச் சுருள்கள் 1733 வரை பெரும்பாலும் லத்தீனில் இருக்கும். இடையில் 1651 முதல் 1660 வரை ஆங்கிலம். குத்தகைதாரர்கள் பேசியது வெல்ஷ், ஆனால் எஸ்டேட் ஏடுகளில் வெல்ஷ் அபூர்வம். வயல் பெயர்களில்தான் அந்த மொழி தங்கியிருக்கிறது.

கேள்வி: இவ்வளவு பெரிய எஸ்டேட்கள் எப்படி உடைந்தன? (வாசகர், ஈரோடு)

பதில்: சேர்ந்த விதத்தைச் சொன்னால்தான் உடைந்தது புரியும். பழைய வெல்ஷ் வழக்கில் நிலம் மகன்களுக்குச் சமமாகப் பிரியும். வேல்ஸை இங்கிலாந்தோடு சேர்த்த 1536, 1543 இணைப்புச் சட்டங்களுக்குப் பின் மூத்த மகனுக்கே எல்லாம் என்ற ஆங்கில முறை நிலைத்தது. 17-ம் நூற்றாண்டில் வாரிசு தன் ஆயுள்வரை அனுபவிக்கலாம், விற்க முடியாது என்று கட்டும் செட்டில்மெண்ட் பத்திரங்கள் பரவின. 1882-ம் ஆண்டுச் சட்டம் அந்தக் கட்டைத் தளர்த்தியது. விளைபொருள் விலைச் சரிவு, 1894-ல் வந்த மரண வரி, முதல் உலகப் போர் என்று அடுத்தடுத்து அடி. போரை ஒட்டிய ஆண்டுகளில் பல பண்ணைகளைக் குடியிருந்தவர்களே வாங்கினார்கள். அப்போது அச்சான ஏலப் பட்டியல்களில் பண்ணை வாரியாக வரைபடமும் குத்தகையும் இருக்கும்.

கேள்வி: வேல்ஸ் எஸ்டேட்டின் ஆட்டுத்தோல் பத்திரம் ஒன்று இணையத்தில் விற்பனைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா? (வாசகர், சென்னை)

பதில்: 1925-ம் ஆண்டு நிலச் சட்டங்களுக்குப் பிறகு மிகப் பழைய மூலப்பத்திரங்கள் தேவைப்படாமல் போயின. வக்கீல் அலுவலகங்கள் கட்டுக்கட்டாகக் கழித்துவிட்டன. விளக்கு மூடிகளாகக்கூட வெட்டினார்கள். கட்டிலிருந்து பிரிந்த ஒற்றைப் பத்திரம் தன் அர்த்தத்தில் பாதியை இழந்துவிடும், அதனால் தனித்தனியாக விற்பதை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. மேனர் (நிலப்பிரபுவின் ஆளுகைக்கு உட்பட்ட எஸ்டேட்) நீதிமன்றச் சுருள் என்றால் தொடவே வேண்டாம்: அனுமதியின்றி இங்கிலாந்து, வேல்ஸுக்கு வெளியே கொண்டுபோகச் சட்டம் தடுக்கிறது.

ஏற்கெனவே வாங்கியிருந்தால் லேமினேஷன், செல்லோ டேப், இஸ்திரிப் பெட்டி எதுவும் கூடாது. சூடு பட்டால் தோல் சுருங்கும். மடிப்பை வலிந்து விரிக்காதீர்கள், அரக்கு முத்திரை நொறுங்கும். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, இரு பக்கமும் படமெடுத்து, அந்த மாவட்டத்துக் காப்பகத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அந்தக் கட்டின் மற்ற பத்திரங்கள் அவர்களிடமே இருக்கலாம்.